ஒரே மாதிரி இருக்கும் சொற்கள் சொந்தக்காரர்களா? 1,400 ஆண்டுகளுக்கு முன்பு வேர் தேடிக் கிளம்பிய இசிதோரின் கதை

இணையத்துக்கு ஒரு காவல் புனிதர் இருக்கிறார் தெரியுமா? அவர் பெயர் இசிதோர். ஸ்பெயினின் செவில் நகரத்தில் பேராயராக இருந்து கி.பி. 636-ல் இறந்தவர். வாடிகன் இன்னும் இதை அதிகாரபூர்வமாக அறிவிக்கவில்லை. ஆனாலும் கத்தோலிக்கர்கள் பலர் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

கம்ப்யூட்டரை விடுங்கள். இசிதோர் இறந்து 800 ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஐரோப்பாவில் அச்சு இயந்திரமே வந்தது. அப்புறம் எப்படி இந்தப் பட்டம்? காரணம், அவர் எழுதிய ஒரே ஒரு நூல். இலக்கணம், மருத்துவம், சட்டம், விலங்குகள், கற்கள், கப்பல், சாப்பாடு, சட்டை என்று அன்றைக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதில் அடுக்கிவைத்தார். நூலின் பெயர் ‘எடிமாலஜியே’. சொற்களின் பிறப்பு என்று அர்த்தம். ஒரு பொருளைப் புரிந்துகொள்ள, முதலில் அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், அவர் சொன்ன சொல் பிறப்புகளில் ஏராளமானவை தப்பு. இருந்தும் அந்த நூல் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவின் ‘கூகுள்’ போல இருந்தது. எப்படி?

யார் இந்த இசிதோர்?

இசிதோர் பிறந்தது சுமார் கி.பி. 560. மேற்கு ரோமப் பேரரசு சரிந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்பெயினை விசிகோத் என்ற ஜெர்மானிய இன அரசர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். தென்கிழக்குக் கடற்கரையில் பைசாந்தியப் படைகள் காலூன்றியிருந்தன. அந்தக் கடற்கரையின் கார்த்தஹேனா நகரம்தான் இசிதோர் குடும்பத்தின் பூர்வீகம். குடும்பம் அங்கிருந்து கிளம்பி செவிலில் குடியேறியது.

பெற்றோர் சீக்கிரமே இறந்துவிட, அண்ணன் லியாண்டர்தான் தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தார். லியாண்டர் செவிலின் பேராயர். இன்னொரு அண்ணன் ஃபுல்ஜென்சியுஸும் ஆயர். அக்கா ஃப்ளோரென்டினா துறவி. நான்கு பேரும் பின்னாளில் புனிதர்களாகப் போற்றப்பட்டார்கள்.

சின்ன வயதில் படிப்பு ஏறாமல் இசிதோர் ஓடிப்போனதாக ஒரு கதை உண்டு. கிணற்றடிக் கல்லில் கயிறு உராய்ந்து உராய்ந்து தடம் விழுந்திருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தாராம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதன் ஸ்பெயின் வெர்ஷன். இது பிற்காலத்துக் கதை. ஆனால் அவர் அசாத்தியமாகப் படித்தார் என்பதற்கு அவர் நூல்களே சாட்சி.

589-ல் தொலேதோ நகரில் நடந்த திருச்சபைச் சங்கத்தில் அரசர் ரெக்காரெடின் கத்தோலிக்க மத மாற்றம் உறுதியானது. அதை முன்னின்று நடத்தியவர் லியாண்டர். அவர் இறந்த பிறகு, சுமார் 600-ல் இசிதோர் அதே பதவிக்கு வந்தார். அடுத்த 36 ஆண்டுகள், சாகும் வரை, அவர்தான் செவிலின் பேராயர்.

அன்றைய லத்தீனுக்கு என்ன பிரச்சினை?

தமிழில் ‘கல்’, ‘கால்’ என்று எழுதினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். குறிலுக்குத் தனி எழுத்து, நெடிலுக்குத் தனி எழுத்து. லத்தீனில் பொதுவாக அப்படி இல்லை. உச்சரிப்பில் குறில், நெடில் உண்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் எழுத்தில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்த ஜோடிகள் நிறைய. ‘பொபுலுஸ்’ என்றால் மக்கள். ‘போபுலுஸ்’ என்றால் பாப்லர் மரம். ‘மலும்’ என்றால் தீமை. ‘மாலும்’ என்றால் ஆப்பிள். ‘லிபெர்’ என்றால் புத்தகம். ‘லீபெர்’ என்றால் சுதந்திரமானவன். எழுதும்போது ஒன்று, வாய்விட்டுச் சொல்லும்போது இரண்டு.

பேசுபவர்கள் காதில் குறில், நெடில் வித்தியாசம் கேட்கும் வரைக்கும் சிக்கல் இல்லை. ஆனால் பேச்சு லத்தீனில் அந்த வித்தியாசம் தேய ஆரம்பித்தது. இசிதோருக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பே வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தினார் இதைக் கவனித்திருக்கிறார். ‘ஒஸ்’ என்றால் எலும்பு, ‘ஓஸ்’ என்றால் வாய். மக்கள் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டதால், எலும்பைச் சொல்ல ‘ஒஸ்ஸும்’ என்ற கொச்சைச் சொல்லே தேவலாம் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இசிதோர் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘ஐகுவுஸ்’ என்றால் நியாயமான. ‘எகுவுஸ்’ என்றால் குதிரை. ‘ஐ’ ஒலி ‘எ’ ஆகிவிட்டதால் நியாயமும் குதிரையும் ஒன்றாக ஒலித்தன. தேவாலயத்தில் வாசிப்பவர் ஒன்றைச் சொல்ல, கேட்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்ளும் ஆபத்து நிஜமாகவே இருந்தது. சட்டமும் வேதமும் மருத்துவமும் லத்தீனில் இருந்த காலம் அது. மொழி குழம்பினால் எல்லாமே குழம்பும்.

இசிதோரின் ஆரம்ப கால நூல் ஒன்று இந்தக் குழப்பத்துக்கே மருந்து. ‘டிஃபெரென்சியே’, அதாவது வேறுபாடுகள். ஒன்றுபோலத் தோன்றும் சொற்களை ஜோடி ஜோடியாக எடுத்து, எங்கே பிரிகின்றன என்று காட்டினார். ‘ஆப்டும்’ என்பது அப்போதைக்குப் பொருந்துவது, ‘ஊதிலே’ என்பது எப்போதைக்கும் பயன்படுவது என்பது போல. எடிமாலஜியேவின் முதல் பகுதியிலும் எழுத்துப் பிழைகளைத் தவிர்ப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார்.

சொல்லின் வேரை எப்படித் தேடினார்?

இசிதோரிடம் சில வழிகள் இருந்தன. முதல் வழி, காரணம். ‘ரெக்ஸ்’ என்றால் அரசன். ஆளுவது, நேராக நடப்பது ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலிருந்து அது வந்தது என்றார். நேர்மை தவறினால் அரசன் என்ற பெயரே நிற்காது என்பது அதற்குள் இருக்கும் அரசியல்.

இரண்டாவது வழி, பிறப்பிடம். ‘ஹோமோ’ என்றால் மனிதன், ‘ஹூமுஸ்’ என்றால் மண். மண்ணிலிருந்து உண்டானதால் மனிதனுக்கு அந்தப் பெயர்.

மூன்றாவது வழிதான் செம. எதிர்ப்பதம்! ‘லூகுஸ்’ என்றால் மரங்கள் அடர்ந்த தோப்பு. ஒளிர்வதைக் குறிக்கும் ‘லூகேரே’ என்ற சொல்லிலிருந்து அது வந்ததாம். தோப்புக்குள் வெளிச்சமே இருக்காதே? ஆமாம், வெளிச்சம் இல்லாததால்தான் அந்தப் பெயர் என்றார்.

இன்னும் சில சாம்பிள்கள். ‘நோக்ஸ்’ என்றால் இரவு. ‘நோகேரே’ என்றால் தீங்கு செய்வது. இரவு கண்ணுக்குத் தீங்கு செய்வதால் நோக்ஸ். ‘மோர்ஸ்’ என்றால் மரணம், ‘மோர்சுஸ்’ என்றால் கடி. ஏதேன் தோட்டத்தில் பழத்தைக் கடித்ததால் வந்தது மரணம். எறும்பு ‘ஃபோர்மிகா’. தானியத் துணுக்குகளைச் சுமந்து செல்வதால் அந்தப் பெயர். நண்பன் ‘அமீகுஸ்’. ‘அனிமி குஸ்தோஸ்’, அதாவது ஆன்மாவின் காவலன் என்பதன் சுருக்கம்.

படிக்க அழகாக இருக்கிறது. மனசிலும் உட்கார்ந்துவிடுகிறது. அதுதான் இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டுமே.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் வேர் கண்டுபிடித்துவிட முடியாது, சில பெயர்கள் மனிதர்கள் தம் இஷ்டத்துக்கு வைத்தவை என்று இசிதோரே அந்த நூலில் எழுதியிருக்கிறார்.

எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு?

இசிதோர் காலத்தில் சரிபார்க்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: இரண்டு சொற்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றனவா, கதை பொருந்துகிறதா? 19-ம் நூற்றாண்டில்தான் வேறு அளவுகோல் வந்தது. ஒரு சொல்லைத் தனியாகப் பார்க்கக் கூடாது. பல மொழிகளில் ஒலிகள் எப்படி ஒழுங்காக மாறுகின்றன என்று பார்க்க வேண்டும்.

இரவையே எடுத்துக்கொள்வோம். கூடவே எட்டு என்ற எண்ணையும். லத்தீனில் இரவின் வேர் ‘நோக்ட்’, எட்டு ‘ஒக்டோ’. இத்தாலியனில் ‘நோட்டே’, ‘ஓட்டோ’. ஸ்பானிஷில் ‘நோச்சே’, ‘ஓச்சோ’. ஜெர்மனில் ‘நஹ்ட்’, ‘அஹ்ட்’. ஆங்கிலத்தில் ‘நைட்’, ‘எய்ட்’. லத்தீனின் ‘க்ட்’ ஒவ்வொரு மொழியிலும் ஒரே மாதிரி மாறுகிறது, கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் அது சத்தம் போடாமல் ஸ்பெல்லிங்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்ஸ்கிருதத்தில் இரவைக் குறிக்கும் ‘நக்த’வும் இதே குடும்பம்தான். ஆக, இரவுக்கான சொல் மிகப் பழையது. தீங்கு செய்யும் ‘நோகேரே’வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதேபோல் ‘மோர்ஸ்’ கடியிலிருந்து வரவில்லை. அது நமக்குத் தெரிந்த ‘மிருத்யு’வுக்குச் சொந்தம். எறும்பு விளக்கமும் நண்பன் விளக்கமும் அவுட். அமீகுஸ், அன்பு செய்வதைக் குறிக்கும் ‘அமாரே’யின் உறவு.

ஆனால் ஹோமோ–ஹூமுஸ் ஜோடி நிஜமாகவே உறவு. இரண்டும் மண்ணைக் குறிக்கும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. அரசன் ரெக்ஸும் சரிதான், ஆளுவதைக் குறிக்கும் சொல்லின் சொந்தம். மருத்துவத்தைக் குறிக்கும் ‘மெடிகீனா’, அளவைக் குறிக்கும் ‘மோடுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்றார். நேரடியாக அப்படி இல்லை என்றாலும், இரண்டுக்கும் மூத்த வேர் ஒன்றுதான்.

பெரிய ட்விஸ்ட், அந்தத் தோப்பு. வெளிச்சம் இல்லாததால் லூகுஸ் என்ற விளக்கத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஆனால் தோப்புக்கும் வெளிச்சத்துக்கும் உறவு இருக்கிறது என்றுதான் இன்றைய மொழியியலும் சொல்கிறது. காரணம் மட்டும் தலைகீழ். லூகுஸ் முதலில் குறித்தது காட்டுக்கு நடுவே வெளிச்சம் விழும் வெட்டவெளியை. நாம் சொல்லும் ‘லோகம்’ என்ற வடசொல்லும் அதே வேரில் வந்ததுதான்.

கண்ணை ஏமாற்றும் ஜோடிகள்

ஆங்கிலத்தில் லைப்ரரி, லிபர்ட்டி இரண்டும் அக்கா தங்கை போல இருக்கும். புத்தகம் சுதந்திரம் தரும், அதனால்தான் இரண்டும் ஒரே சொல் என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும். ஆனால் முதலாவது லிபெர், இரண்டாவது லீபெர். இரண்டும் வேறு வேறு. புத்தகத்தைக் குறிக்கும் லிபெர், மரத்தின் உள்பட்டையைக் குறித்த சொல். பட்டையில் எழுதியதால் அது புத்தகம் ஆனது. இதை இசிதோர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

லத்தீனில் பகல் ‘டியெஸ்’, ஆங்கிலத்தில் ‘டே’. பார்த்தால் ஒன்றுபோல இருக்கிறது, ஆனால் உறவு இல்லை. லத்தீனில் கடவுள் ‘தேயுஸ்’, கிரேக்கத்தில் ‘தெயோஸ்’. பொருளும் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் உறவு இல்லை. தேயுஸின் நிஜமான சொந்தம் சம்ஸ்கிருதத்தின் ‘தேவ’.

நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகியவற்றின் முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் ‘நியூஸ்’ என்று ஸ்கூலில் கேட்டிருப்போம். அதுவும் கட்டுக்கதைதான். ‘நியூ’ என்ற சொல்லின் பன்மையாக வந்தது அது. புதிய விஷயங்கள், அவ்வளவே. இன்றைய ஃபார்வர்டும் அன்றைய ‘ஆன்மாவின் காவலனும்’ ஒரே டெக்னிக்.

சொல் விளக்கம் எப்போது ஆபத்தாகிறது?

எறும்பு விஷயத்தில் தப்பு செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இசிதோர் மனிதர்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்தினார்.

ஆண் ‘விர்’. பலத்தைக் குறிக்கும் ‘விஸ்’ என்ற சொல்லோடு அதை இணைத்தார். பெண் ‘முலியெர்’. மென்மையைக் குறிக்கும் சொல்லோடு அதை இணைத்தார். ஆக, ஆண் வலியவன், பெண் மெல்லியவள். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள் என்ற முடிவு. அடிமை ‘செர்வுஸ்’. காப்பாற்றுவதைக் குறிக்கும் ‘செர்வாரே’யிலிருந்து வந்ததாம். போரில் தோற்றவர்களைக் கொல்லாமல் காப்பாற்றியதால் அந்தப் பெயர். ரோமச் சட்ட அறிஞர்களிடமிருந்து வழிவழியாக வந்த விளக்கம் இது. அடிமைத்தனமே ஒரு கருணைச் செயல் என்பது போன்ற தோற்றத்தை இது தந்துவிடுகிறது.

இந்த விளக்கங்கள் மொழியியல்படி சரியா, தப்பா என்பது இரண்டாவது கேள்வி. ஒருவேளை சரியாகவே இருந்தாலும்கூட, ஒரு சொல்லின் பிறப்பு அந்தச் சொல் குறிக்கும் மனிதரின் தகுதியை முடிவு செய்யாது. பெயரிலேயே இருக்கிறது என்ற வாதம் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை இயற்கை என்று காட்டிவிடுகிறது. இசிதோரின் நூல் பாடப்புத்தகம் ஆனதால், இந்த வாதமும் சேர்ந்தே பரவியது.

அவர் வாழ்க்கையிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. அரசர் சிசெபுட் (ஆட்சிக் காலம் 612–621) இசிதோரின் புத்தகத் தோழர். எடிமாலஜியேவின் ஆரம்ப வடிவம் அவருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டது. அந்த அரசர் யூதர்களைக் கட்டாய மதமாற்றம் செய்தபோது, அது சரியான வழி அல்ல என்று இசிதோர் தன் வரலாற்று நூலில் எழுதினார். ஆனால் 633-ல் அவரே தலைமை வகித்த நான்காம் தொலேதோ சங்கம், இனிமேல் கட்டாயம் கூடாது என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டாயத்தில் மாறியவர்கள் திரும்பிப் போக முடியாது என்றும் விதித்தது. யூதர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கிறிஸ்தவர்களிடம் வளர்க்கச் சொன்ன விதியும் அதில் இருக்கிறது. யூத மதத்துக்கு எதிராக இசிதோர் தனி நூலே எழுதியிருக்கிறார். இளம் குருக்களுக்கு முறையான கல்வி வேண்டும் என்று வற்புறுத்தியதும் அதே சங்கம்தான். இரண்டும் ஒரே மனிதரின் தலைமையில் நடந்தவை.

அப்புறம் ஏன் இன்றும் படிக்கிறார்கள்?

முதல் காரணம், சேமிப்பு. இசிதோர் சொந்தமாக ஆராய்ந்தது குறைவு; பிளினி, செர்வியுஸ், அகுஸ்தினார் என்று பழைய நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்ததுதான் அதிகம். காப்பி பேஸ்ட் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் கையில் இருந்த நூல்களில் சில பிறகு தொலைந்துபோயின. அவர் எடுத்து வைத்த துண்டுகள் மிஞ்சின.

இரண்டாவது காரணம், அவர் காலத்துத் தெருப் பேச்சு. எழுத்து லத்தீன் கண்டுகொள்ளாத சொற்களை அவர் பதிவு செய்தார். படுக்கையைக் குறிக்கும் ‘காமா’ இன்றும் ஸ்பானிஷில் கட்டில். ‘கமீசியா’ என்ற சட்டையை, படுக்கையில் அணிவதால் அந்தப் பெயர் என்றார். அந்த விளக்கத்தை இன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சொல் ஸ்பானிஷில் ‘கமீசா’ ஆனது. அரபியில் ‘கமீஸ்’ ஆகி, சல்வாரோடு சேர்ந்து நம் ஊர் ஜவுளிக்கடை வரை வந்துவிட்டது.

மூன்றாவது காரணம், அதன் வீச்சு. ஏறக்குறைய 1,000 கையெழுத்துப் பிரதிகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. 1472-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சானபோது அதில் இருந்த எளிய உலக வரைபடம்தான் ஐரோப்பாவில் அச்சான முதல் வரைபடம் என்கிறார்கள். 1530-க்குள் குறைந்தது பத்துப் பதிப்புகள் வந்துவிட்டன. தாந்தே தன் காவியத்தில் இசிதோருக்குச் சொர்க்கத்தில் இடம் கொடுத்தார். 1722-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநர் ஆக்கியது.

கடைசி நாட்கள்

இந்த நூல் வெளிவரக் காரணமாக இருந்தவர் சரகோசா நகரத்து ஆயர் பிரவுலியோ. நூலை அனுப்பச் சொல்லி வருடக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். உடல்நிலை சரியில்லாத இசிதோர், திருத்தி முடிக்காமலேயே கடைசியில் அனுப்பிவைத்தார். அதை 20 பகுதிகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியவர் பிரவுலியோதான்.

சாவு நெருங்குவது தெரிந்ததும், தன்னிடம் இருந்ததை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார் இசிதோர். பிறகு தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்லச் சொன்னார். சாக்குத் துணி உடுத்தி, தலையில் சாம்பல் இட்டு, எல்லோர் முன்னிலையிலும் தன் பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்டார். சில நாட்களில், 636 ஏப்ரல் 4 அன்று இறந்தார். 1063-ல் அவர் உடல் செவிலிலிருந்து வடக்கே லியோன் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. அவர் பெயரில் அமைந்த பேராலயத்தில் இன்றும் இருக்கிறது.

இரண்டு சொற்கள் ஒன்றுபோல இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது இசிதோர் பிடித்த பிடி. அந்தக் கேள்வி சரிதான். பதிலைச் சரிபார்க்கும் வழி கிடைக்க இன்னும் 1,200 ஆண்டுகள் ஆயின. இப்போது அந்த வழி நம்மிடம் இருக்கிறது. அடுத்த முறை ஃபேமிலி குரூப்பில் சொல் ஆராய்ச்சி ஒன்று வந்தால், பகிர்வதற்கு முன்பு ஒரு நல்ல அகராதியைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும்.